டீச்சரிடம் கேளுங்கள்: ஒரே பாயில் ஆறு வயதும் பன்னிரண்டு வயதும்

போன மாதம் என் திண்ணை வகுப்பைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கடிதங்கள். எல்லாவற்றிலும் கவலை ஒன்றுதான். ஆங்கிலம் புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு வயதில் இருக்கிறார்கள், சொல்லித்தர ஒரே ஒரு ஆள். நான் 31 வருடம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். இப்போது திருப்பாதிரிப்புலியூரில் வீட்டுத் திண்ணையில் 14 பிள்ளைகள் சாயங்காலம் வருகிறார்கள். சின்னவளுக்கு ஐந்து வயது, பெரியவனுக்குப் பதின்மூன்று. செய்துபார்த்துப் பலித்ததை மட்டும் எழுதுகிறேன்.

டீச்சர், பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். எங்கள் தெருக் கோயில் மண்டபத்தில் 17 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆரம்பித்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை இருக்கிறார்கள், எல்லாருக்கும் ஆரம்பம்தான். சின்னதுகளைக் கவனித்தால் பெரியவர்கள் சண்டை போடுகிறார்கள். பெரியவர்களைக் கவனித்தால் சின்னதுகள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகின்றன. எந்தப் புத்தகத்தில் தொடங்கட்டும்?
– வாசகி, தேவனாம்பட்டினம்

முதல் இரண்டு வாரத்துக்குப் புத்தகமே வேண்டாம் அம்மா. புத்தகத்தைத் திறந்ததுமே ஏழாம் வகுப்பு ஒரு பக்கம், ஒன்றாம் வகுப்பு ஒரு பக்கம் என்று கூட்டம் பிரிந்துவிடும். காதும் கை காலும் எல்லாருக்கும் ஒன்றுதான். அங்கிருந்து தொடங்குங்கள்.

மண்டபத்தின் நடுவில் ஒரு கூடை, ஒரு செம்பு, ஒரு துடைப்பம், ஒரு பந்து, ஒரு பழைய வலைத்துண்டு வையுங்கள். ‘ஸ்டேண்ட் அப்’ என்று சொல்லிக்கொண்டே நீங்கள் எழுந்திருங்கள், அவர்களும் எழுந்திருப்பார்கள். ‘டச் தி பாஸ்கெட்’ என்று சொல்லிக் கூடையைத் தொடுங்கள். அவர்கள் செய்தால் போதும், வாயைத் திறக்கச் சொல்லாதீர்கள். மூன்றாம் நாள் நீங்கள் செய்துகாட்டாமல் சொல்லிப் பாருங்கள். ஐந்தாம் நாள் ‘டேக் தி பால், புட் இட் இன் தி பாஸ்கெட்’ என்று இரண்டு வேலையைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒரு நொடி யோசித்து நிற்பான், அதற்குள் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஓடிப்போய்ப் போட்டுவிடும். விளையாட்டில் தோற்பதில் யாருக்கும் வெட்கம் இல்லை. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் இதை ஒரு கற்பித்தல் முறையாகவே வகுத்தார். நம் வீட்டில் ‘சாமி கும்பிடு’ என்றால் பேச்சு வராத குழந்தை கை கூப்புகிறதே, அதுதான் இதன் அடிப்படை. கேட்டுப் புரிந்துகொள்வது முதலில், பேசுவது அப்புறம்.

அந்த இரண்டு வாரத்தில் இன்னொரு வேலையும் நடக்கட்டும். யாருக்கு எது தெரியும் என்று பாருங்கள். என்ன வகுப்பு என்று கேட்டுப் பயனில்லை. பிஸ்கட் உறை, சோப்பு உறை, தீப்பெட்டி, மாத்திரை அட்டை என்று வீட்டில் கிடப்பதை ஒரு முறத்தில் போட்டு, ‘தெரிந்த எழுத்தைக் காட்டு’ என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். எழுத்தே தெரியாதவர்கள், எழுத்து தெரிந்தும் கூட்டிப் படிக்க வராதவர்கள், சின்னச் சொற்களைப் படிப்பவர்கள் என்று மூன்று வட்டம் தானாக வந்துவிடும். முதல் வட்டத்தில் ஒரு பன்னிரண்டு வயது இருக்கும், மூன்றாவதில் ஒரு எட்டு வயது இருக்கும். அப்படியே இருக்கட்டும். வட்டங்களுக்குப் பெயர் வைக்காதீர்கள், எண்ணும் போடாதீர்கள். ‘ஃபர்ஸ்ட் குரூப்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு அது மதிப்பெண் ஆகிவிடும்.

மூன்று வட்டத்துக்கும் மூன்று பாடம் தயாரித்தால் ஒரே மாதத்தில் களைத்துவிடுவீர்கள். பொருள் ஒன்றாக இருக்கட்டும், வேலை மூன்றாக இருக்கட்டும். உங்கள் ஊருக்கு மீனை விட நல்ல பாடம் கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆப்பிள் வாரத்தில் எத்தனை நாள் கண்ணில் படும்? மத்தி ‘சார்டின்’, நெத்திலி ‘ஆன்கோவி’, இறால் ‘ப்ரான்’, நண்டு ‘கிராப்’, கணவாய் ‘ஸ்க்விட்’, வஞ்சிரம் ‘சீர் ஃபிஷ்’. நான் ஒருமுறை நெத்திலிப் பொட்டலம் ஒன்றை அப்படியே பாயில் கொட்டினேன். சின்னவர்கள் ‘ஒன் ஃபிஷ், டூ ஃபிஷ்’ என்று எண்ணிப் பத்துப் பத்தாகக் குவித்தார்கள். நடுவட்டம் ‘ஃபிஷ்’, ‘பிக்’, ‘டின்’, ‘நெட்’ என்று எழுதிய சீட்டுகளைப் படித்து உரிய பொருளின் பக்கத்தில் வைத்தது. பெரியவர்கள் துறைமுகத்து ஏலம் போலக் கடை விரித்து ‘ஹவ் மச்?’, ‘ட்வென்டி ருபீஸ்’, ‘டூ மச்!’ என்று பேரம் பேசி, விலைப்பட்டியல் எழுதினார்கள். கடைசிக் கால் மணி நேரம் எல்லாரும் கலந்து சந்தை நடத்தினோம். எண்ணத் தெரிந்த குழந்தை பெரியவனின் கடையில் வந்து ‘ஃபைவ் ஃபிஷ்’ என்று வாங்கியது. அன்றைக்குத் திண்ணையைக் கழுவ எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் ‘டூ மச்’ என்ற சொல் அந்தப் பிள்ளைகளை விட்டுப் போகவே இல்லை.

எழுத்துக்கு வரும்போது ஏ, பி, சி என்று வரிசையாகப் போகாதீர்கள். எஸ், ஏ, டீயில் வரும் டி, பேனாவில் வரும் பி, ஐ, என் என்ற ஆறு எழுத்தும் முதலில் வரட்டும். எழுத்தின் பெயர் முக்கியமில்லை, ஒலிதான் முக்கியம். ‘எஸ்’ என்று சொல்லாமல் பாம்பு சீறுவதுபோல ‘ஸ்ஸ்’ என்று சொல்லுங்கள். இந்த ஆறை வைத்தே சிட், சேட், பின், பேன், டின், டிப், டேப், நேப் என்று எத்தனையோ சொல் வந்துவிடும். இரண்டாம் வாரத்திலேயே ‘எனக்குப் படிக்க வருகிறது’ என்ற சந்தோஷம் பிள்ளைக்குக் கிடைத்துவிடும். இருபத்தாறும் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தச் சந்தோஷத்துக்கு மாதக்கணக்காகும். எழுதிப் பழக நோட்டும் வேண்டாம். கடல் உங்கள் வாசலில் இருக்கிறது. தாம்பாளத்தில் ஒரு பிடி மணல் போதும், தப்பாக எழுதினால் ஒரு தட்டுத் தட்டினால் அழிந்துவிடும்.

மணலில் எழுதிப் பழகுவதற்கு ஒரு பெரிய வரலாறே உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதை இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்காணிப்பாளராக வந்தார். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அப்படிச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் இசையவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்துச் சின்னவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். அது நன்றாக நடந்தது. 1797இல் அதைப் புத்தகமாக எழுதினார், ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான் கப்பலேறிப் போனார் என்று நான் சொல்வேன். ஆகவே, பெரிய பிள்ளை சின்ன பிள்ளைக்குச் சொல்லித்தருவதை ஆள் இல்லாததால் செய்யும் சமாளிப்பாக நினைக்காதீர்கள். அது நம் பழைய சொத்து.

ஆனால் சட்டாம்பிள்ளை கையில் பிரம்பு வந்துவிடும் ஆபத்தும் அதில் உண்டு. என் திண்ணையிலேயே ஒரு எட்டாம் வகுப்புப் பெண், நான் உள்ளே போன நேரத்தில் ஒரு குழந்தையின் காதைத் திருகிவிட்டாள். அவளை நான் திட்டவில்லை, தப்பு என்னுடையது. அரை மணி நேரம் அவளை விட்டுவிட்டேன், அதுவரை எந்தப் பெரிய பிள்ளைக்கும் பொறுமை இருக்காது. இப்போது பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் சொல்லித்தர விடுவதில்லை. முந்தின நாள் தான் கற்றதை மட்டும்தான் சொல்லித்தர வேண்டும். அப்புறம் சின்னவர் திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டும், பெரியவர் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் இரண்டு பேரையும் சமமாக உட்கார வைக்கிறது.

நான் வேலையில் இருந்தபோது செயல்வழிக் கற்றல் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, சில வருடங்களில் மாநிலம் முழுக்கப் பரவியது. ஒன்று முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் பாய் விரித்து உட்கார்ந்து, பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் ‘ஏணி’ப் படத்தில் தான் நிற்கும் படியைப் பார்த்து, அவரவர் அட்டையை எடுத்துப் படித்தார்கள். சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை இருந்தது. அவரவர் வேகத்தில் போகலாம் என்பதை நான் அங்கேதான் கற்றேன், இன்றைக்கும் அதை விடவில்லை. ஆனால் ஆங்கிலத்துக்கு அட்டை மட்டும் போதாது. அட்டை பேசாது. யாராவது வாயைத் திறந்து பேச, யாராவது கேட்க வேண்டும். அதனால்தான் தொடக்கத்தில் இருபது நிமிடமும் கடைசியில் கால் மணியும் எல்லாரும் ஒன்றாக இருங்கள் என்கிறேன். வட்டம் பிரிவது நடுவில் மட்டும்.

உங்கள் ஊர்க் கோட்டை இருக்கிறதே, செயின்ட் டேவிட் கோட்டை, அதை ஆங்கிலேயர் 1690இல் வாங்கினார்கள். அவர்கள் மொழி அந்தக் கரைக்கு வந்து முந்நூறு வருடம் கடந்துவிட்டது. அந்தக் கரைப் பிள்ளைகளுக்கு அது இன்னும் முதல் பாடமாகவே இருக்கிறது. நீங்கள் மண்டபத்தில் பாய் விரித்ததை எண்ணி எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

என் பெரிய மகனுக்குப் பதினொரு வயது. தமிழ்வழியில் படித்தவன், ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்ட வராது. ஏழு வயதுத் தங்கை கடகடவென்று படிக்கிறாள். இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தால் அவன் புத்தகத்தைத் தூக்கி எறிகிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், வில்லியனூர்

அம்மா, அவன் எறிவது புத்தகத்தை அல்ல, அந்த வெட்கத்தைத்தான். பதினொரு வயதுப் பையன் கையில் பூனைக்குட்டிப் படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் அவனுக்கு அவமானமாகத்தான் இருக்கும்.

என்னிடம் ஒரு பையன் வந்தான். பன்னிரண்டு வயது, அப்பா மீன்பிடிப் படகில் வேலை. ஒரு வருடம் பள்ளிக்கூடமே போகாமல் இருந்தவன். முதல் நாள் முறத்தை நீட்டினேன், ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள், ‘உங்கள் படகில் என்ன எழுதியிருக்கும்?’ என்று கேட்டேன். சாக்கட்டியை வாங்கித் திண்ணையில் குனிந்து, பெரிது பெரிதாக ஐ, என், டி என்று எழுதினான். ஒரு சின்னக் கோடு போட்டான். அப்புறம் டி, என். இந்தியா, தமிழ்நாடு என்பதற்கான எழுத்துகள். அதற்கப்புறம் எண்கள், இரண்டு எம், மறுபடி எண்கள். பதிவு எண் முழுவதையும் ஓர் எழுத்துத் தப்பாமல், படகில் இருக்கிற அதே சாய்வோடு எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு ஐந்து எழுத்து தெரிந்திருந்தது, தெரியும் என்பதுதான் தெரியவில்லை. அந்த ஐந்தில் ‘இன்’ எழுதினோம், ‘டின்’ எழுதினோம், ‘டிம்’ எழுதினோம், கடைசியில் ‘மின்ட்’ எழுதினோம். ‘மின்ட்’ என்பதைப் படித்தவன், ‘மிட்டாயா டீச்சர்?’ என்றான். நான் உள்ளே போய் ஒரு மிட்டாய் எடுத்து வந்து கொடுத்தேன்.

உங்கள் மகனுக்கும் அப்படி ஏதோ ஒன்று தெரிந்திருக்கும். கிரிக்கெட் ஸ்கோர் போர்டா, பஸ் போர்டா, ரிமோட்டில் இருக்கும் ஆன், ஆஃப், மியூட்டா, செல்போன் ரீசார்ஜா என்று பாருங்கள். அங்கிருந்து எழுத்தை எடுங்கள். தங்கையோடு ஒரே நேரத்தில் வாசிக்க வைக்காதீர்கள். அவள் வெளியே விளையாடும்போது அவனுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், கதவைச் சாத்திக்கொண்டு. பதினொரு வயதுக்கு ஒரு பலம் உண்டு: தமிழில் அவன் நன்றாகப் படிப்பான். படிப்பது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும், புதிதாகத் தொடங்கும் சின்னப் பிள்ளைக்கு அது இனிமேல்தான் வர வேண்டும். அதனால் தொடங்கிவிட்டால் வேகமாகப் போவான். இதை அவனிடமே சொல்லுங்கள், அது பொய்யான ஆறுதல் அல்ல.

தங்கையிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அண்ணன் தடுமாறும்போது முந்திக்கொண்டு விடையைச் சொல்லக் கூடாது என்று. அது குழந்தைக்குக் கஷ்டம்தான். ஒரு சின்ன வேலையை அவள் கையில் கொடுங்கள், பக்கம் புரட்டுவது மாதிரி.

டீச்சர், கல்லூரியில் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். பெரியவர்கள்கூட ‘பிக்’ என்பதில் பெரியதா பன்றியா என்று ஒலியில் குழப்புகிறார்கள். சின்னவர்கள் பஸ்ஸில் வரும் எழுத்தையும் டோரில் வரும் எழுத்தையும் மாற்றி எழுதுகிறார்கள்.
– வாசகர், முத்தியால்பேட்டை

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது பாருங்கள். பெரியது, பன்றி இரண்டுக்கும் தமிழில் ‘பிக்’ என்றுதான் எழுத முடிகிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ஆனால் அந்த இரண்டு ஒலியும் நம் பிள்ளைகளுக்குப் புதிது இல்லை. தினமும் பேசுகிறார்கள், கவனித்ததில்லை, அவ்வளவுதான். ‘அப்பா’ சொல்லச் சொல்லுங்கள், ‘தம்பி’ சொல்லச் சொல்லுங்கள். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொன்னால் தம்பியின் ‘பி’யில் அதிர்வு தெரியும், அப்பாவின் ‘ப்பா’வில் அங்கே அதிர்வு நின்று போகும். ‘பம்பரம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டும் இருக்கிறது. அதேபோல் ‘அக்கா’வும் ‘தங்கச்சி’யும், ‘எட்டு’ம் ‘நண்டு’ம். மெல்லின எழுத்துக்குப் பின்னால் வல்லினம் வந்தால் தமிழில் ஒலி மென்மையாகிவிடும், அந்த மென்மையான ஒலிதான் ‘பஸ்’ஸில் முதலிலேயே வருகிறது. என் திண்ணையில் இவற்றுக்கு ‘அப்பா பி’, ‘தம்பி பி’ என்றே பெயர். ஐந்து வயதுக் குழந்தை ‘டீச்சர், இது தம்பி பியா?’ என்று கேட்கும்.

இன்னொன்று. ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு ‘பென்’ என்று ஆங்கிலேயர் சொல்வதுபோலச் சொன்னால் காகிதம் ஆடும், ‘பஸ்’ என்றால் ஆடாது. இதைப் பெரிய பிள்ளைகள் அரை மணி நேரம் விடாமல் செய்வார்கள்.

எழுத்தின் வடிவம் மாறுவது வேறு விஷயம். இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் திரும்பியவை. ஆறு ஏழு வயதில் மாற்றி எழுதுவது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டையும் ஒரே நாளில் சொல்லித்தராதீர்கள். பஸ் எழுத்து கையில் படிந்து மூன்று வாரம் போன பிறகு டோர் எழுத்து வரட்டும். கட்டைவிரலை உயர்த்தி இரண்டு கைகளையும் முட்டி பிடித்து, முட்டியும் முட்டியும் தொடும்படி முன்னால் வைத்தால் ஒரு கட்டில் மாதிரி இருக்கும். இடது கை பஸ் எழுத்து, வலது கை டோர் எழுத்து, நடுவில் ‘ஈ’ என்ற எழுத்தைச் சேர்த்தால் ‘பெட்’, அதாவது படுக்கை. சந்தேகம் வந்தால் பிள்ளைகள் மடியில் கையை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

வகுப்பில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம் என்று வைத்திருக்கிறோம். சில பெற்றோர் எதிர்க்கிறார்கள். உங்கள் கருத்து?
– டியூஷன் நடத்துபவர், நெல்லிக்குப்பம்

எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு விதி இருந்தது. இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று, வெளியே போக வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் மதியம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து, கடைசியில் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டது. அதன் அம்மா என்னிடம் வந்து அழுதார். பிள்ளைக்கு அந்த மொழி என்றாலே அந்த ஈரப் பாவாடைதான் நினைவுக்கு வரும்.

விளையாட்டை ஆங்கிலத்தில் நடத்துங்கள், விளையாட்டின் விதியைத் தமிழில் சொல்லுங்கள். தமிழில் ஒரு நிமிடத்தில் புரிவதை ஆங்கிலத்தில் பத்து நிமிடம் கையாட்டி விளக்க வேண்டியதில்லை. பிள்ளை தமிழில் சொன்னால் நீங்கள் அதையே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுங்கள். ‘தண்ணி வேணும்’ என்றால் ‘யூ வான்ட் வாட்டர்? ஹியர், வாட்டர்’ என்று செம்பை நீட்டுங்கள்.

மொழிகள் ஒன்றிடம் ஒன்று வாங்கிக் கொடுத்துத்தான் வளர்ந்தன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மேசை, சாவி, சன்னல், அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியரிடமிருந்து நமக்கு வந்தவை. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. ‘கேட்டமரான்’ என்று ஆங்கில அகராதியில் இருப்பது நம் கட்டுமரம்தான் என்று சொன்ன அன்றைக்குப் படகுக்காரர் மகன் வீட்டுக்குப் போய் அதைத்தான் முதலில் சொன்னானாம்.

நான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு பிரெஞ்சு வரும், ஆங்கிலம் சுமார். பேரப்பிள்ளைகளுக்கு நான் உதவலாமா, குழப்பிவிடுவேனா?
– தாத்தா, புதுச்சேரி

உதவுங்கள் ஐயா, தாராளமாக. சொல்லின் எழுத்தில் நீங்கள் பெரிய துணை, ஏனென்றால் ‘டேபிள்’ போல எத்தனையோ சொற்களுக்கு இரண்டு மொழியிலும் எழுத்து ஒன்றே. கவனிக்க வேண்டியது எழுத்துகளின் பெயர். பிரெஞ்சில் நீங்கள் ‘ஈ’ என்றால் அது ஆங்கிலத்தின் ஐ. ஆங்கிலத்தில் ‘ஈ’ என்பது வேறு எழுத்து. ஆங்கிலத்தில் ஜி, ஜே என்று சொல்லும் இரண்டும் பிரெஞ்சில் ஏறக்குறையத் தலைகீழ்: ஆங்கில ஜிக்கு உங்கள் பெயர் ‘ழே’ மாதிரி ஒலிக்கும், ஜேக்கு ‘ழி’ மாதிரி. எழுத்தைப் பெயர் சொல்லிச் சொல்லித்தரும் வேலையைப் பிள்ளையின் அம்மாவிடம் விட்டுவிட்டு, கதை வாசிப்பதையும் கேட்பதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தெருப் பெயர்ப் பலகையில் இருக்கும் ‘ரூ’ என்றால் பிரெஞ்சில் தெரு என்று பேரப்பிள்ளைக்கு விளக்க உங்களை விட்டால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கிராமர் எந்த வயதில் தொடங்கலாம்? ‘ஐ ரைஸ் ஈட்’ என்று சொல்கிறார்கள்.
– வாசகி, பண்ருட்டி

அது தமிழ் வாக்கியம், ஆங்கில உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறது. தமிழில் வினை கடைசியில் வரும். இலக்கணப் புத்தகம் இல்லாமலே இதைச் சரிசெய்யலாம். மூன்று பிள்ளைகள் கையில் ‘ஐ’, ‘ரைஸ்’, ‘ஈட்’ என்ற அட்டைகளைக் கொடுத்துத் தமிழ் வரிசையில் நிறுத்துங்கள். ‘இங்கிலீஷ்!’ என்று நீங்கள் கை தட்டியதும் ‘ஈட்’ பிள்ளை ஓடிவந்து நடுவில் நிற்க வேண்டும். ‘தமிழ்!’ என்றால் திரும்பக் கடைசிக்கு ஓட வேண்டும். ஓடுவதற்குச் சின்னவர்கள், சரியா என்று பார்ப்பதற்குப் பெரியவர்கள். ‘மேசை மேல்’ என்பதில் இருக்கும் ‘மேல்’ ஆங்கிலத்தில் முன்னால் ஓடி ‘ஆன் தி டேபிள்’ ஆவதையும் இப்படியே காட்டலாம். இரண்டு மூன்று நாளில் தப்பாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்து மற்றவை ‘ஓடு, ஓடு!’ என்று கத்தும்.

‘தி’, ‘வாஸ்’, ‘செட்’ போன்ற சொற்கள் எழுத்துக் கூட்டினால் சரியாக வராது, முகம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எட்வர்டு டால்ச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1936இல் இப்படி அடிக்கடி வரும் 220 சொற்களைத் திரட்டினார். வாரத்துக்கு ஐந்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

நாலு கோடு நோட்டில் கர்சிவ் எப்போது? – வாசகர், அரியாங்குப்பம்

படிக்க வந்த பிறகு. அச்சில் இருக்கும் எழுத்தும் கையில் எழுதும் எழுத்தும் ஒன்றாக இருந்தால்தான் ஆரம்பத்தில் பிள்ளைக்குப் பிடிபடும்.

செல்போனில் பாட்டு வீடியோ போட்டுக் காட்டலாமா? – வாசகி, மஞ்சக்குப்பம்

ஒரு பாட்டு காட்டலாம். அப்புறம் போனை உள்ளே வைத்துவிட்டு அதே பாட்டை நீங்கள் பாடுங்கள், பிள்ளைகள் ஆடட்டும்.

எங்கள் வகுப்புக்கு ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று வருகிறது. இரண்டு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். நிறுத்திவிடச் சொல்லலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா, வீட்டில் தமிழில் நன்றாகப் பேசுகிறாளா என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது சரியாக இருந்தால் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். இரண்டாம் மொழிக்குள் நுழையும் சின்னப் பிள்ளைகளில் பலர் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள்.

என் திண்ணையிலும் ஒருத்தி இருந்தாள். ‘டச் தி பால்’ என்றால் தொடுவாள், ‘கிவ் மீ தி பாஸ்கெட்’ என்றால் கொண்டுவந்து தருவாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள். மூன்று மாதம் ஆயிற்று. ஒருநாள் காலை அவளுடைய ஆயா என்னிடம் வந்து, ‘தெருக் குழாயில வரிசையா இருக்கற குடத்தையெல்லாம் எண்றா டீச்சர், இங்கிலீசுல. பதினேழு குடம். யாருக்கும் கேக்காம எண்றா’ என்றார். நான் அதைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் எண்ணச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? சொல்லவில்லை. ஒரு கூடை நிறையப் புளியங்கொட்டையை மட்டும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் அடுத்த வட்டத்துக்குப் போய்விட்டேன்.